கோட்டைக்கு முன்னும் பின்னும்: பழவேற்காட்டில் பொறையின் வரலாறு

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், வங்காள விரிகுடாவுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே ஒடுங்கி நீளும் மணல்திட்டில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் ஊர் அமைந்துள்ளது. ஒருபுறம் கடல், மறுபுறம் ஏரி என இரண்டு நீரையும் நம்பி வாழும் இவ்வூர், கப்பல்களுக்கு வழிகாட்ட அங்கே எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தின் ஆங்கிலப் பெயரையே தன் பெயராகக் கொண்டது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் வாயை இப்பகுதி மக்கள் முகத்துவாரம் என்பர்; ஏரியின் வளமும் பழவேற்காட்டுத் துறைமுகத்தின் பழைய செல்வமும் அந்த வாயைச் சார்ந்தே இருந்தன. குப்பத்திலிருந்து பாலத்தைக் கடந்தால் எதிர்க்கரையில் பழவேற்காடு ஊர். அங்கே ஒல்லாந்தர் எனத் தமிழில் வழங்கப்பட்ட டச்சுக்காரரின் கோட்டை இருந்த இடமும், அவர்களது கல்லறைத் தோட்டமும், முஸ்லிம் வணிகரான மரைக்காயர்களின் பள்ளிவாசல்களும், 1515-ஆம் ஆண்டில் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா ஆலயமும், செம்புரைக்கல்லால் கட்டப்பட்ட ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் நடந்து செல்லும் தொலைவுக்குள் உள்ளன.

இந்த அண்மையைக் காட்டி, பழவேற்காட்டைச் சமய நல்லிணக்கத்தின் ஊர் என்று சுருக்கமாகச் சொல்லி முடிப்பது வழக்கமாகிவிட்டது. வரலாறு அவ்வளவு எளிதாக அமையவில்லை. இங்கே வந்து தங்கியவர்களில் பலர் பிறரது நம்பிக்கையைப் பொறுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு வந்தவர்கள் அல்லர். மற்றவரின் வழிபாடு பிழையானது, அதை ஒழிப்பது தம் கடமை என்று வெளிப்படையாக நம்பியவர்கள். அத்தகையோருக்கு இடம் கொடுத்த மன்னர்களும் வணிகர்களும் அறிஞர்களும் எந்த வரம்பு வரை இடம் கொடுத்தனர், அந்த வரம்பைக் காக்கும் வலிமை அவர்களிடம் எப்போது இருந்தது, எப்போது இல்லாமற்போயிற்று என்பதே பழவேற்காட்டின் கடந்த ஐந்நூறு ஆண்டுகளைப் புரிந்துகொள்ள உதவும் கேள்வியாகும்.

போர்த்துக்கீசியர் வருவதற்கு முன்பே பழவேற்காடு பலர் கூடிய ஊராக இருந்தது. அரபு நாட்டில் ஆட்சியாளரோடு முரண்பட்டு மரக்கலங்களில் வெளியேறிய முன்னோரின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் மரபுவழிச் செய்தி. கல்வெட்டுச் சான்றாக அதைக் கொள்ள முடியாவிட்டாலும், அடைக்கலம் தேடி வந்தவர்களாகவே ஒரு சமூகம் தன்னை நினைவுகூர்வது கவனத்துக்குரியது. விஜயநகர ஆட்சியில் ஆனந்தராயன்பட்டினம் என்றும் இத்துறைமுகம் அழைக்கப்பட்டது. 16-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் எழுதிய துவார்த்தே பார்போசா என்னும் போர்த்துக்கீசியர், முஸ்லிம்களும் இந்துக்களும் வாழ்ந்த பெரும் துறைமுகமாகப் பழவேற்காட்டை விவரித்து, பெகு நாட்டு மாணிக்கக் கற்கள் அங்கே விற்கப்பட்டதையும், வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் மலாக்கா, சுமத்ரா, பெகு முதலிய நாடுகளுக்கு ஏற்றப்பட்டதையும் பதிவு செய்துள்ளார். விஜயநகர அரசனின் ஆட்சியில் எந்தச் சமயத்தவரும் வந்து போகவும், தத்தம் நெறிப்படி வாழவும், யார் எவர் என்ற விசாரணைக்கு ஆளாகாதிருக்கவும் முடிந்தது என்று வியந்து எழுதியவரும் அவரே. அந்த வியப்புக்குக் காரணம் உண்டு: 1492-இல் ஸ்பெயினிலிருந்து யூதர்கள் துரத்தப்பட்டிருந்தனர்; 1497-இல் போர்த்துக்கல் தன் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியிருந்தது.

போர்த்துக்கீசியர் 1510-இல் கோவாவையும் 1511-இல் மலாக்காவையும் கைப்பற்றினர். கடலில் செல்லும் கலங்கள் தங்களிடம் ‘கர்த்தாஸ்’ எனப்பட்ட அனுமதிச் சீட்டைப் பணம் கொடுத்துப் பெறவேண்டும் என்று விதித்து, சீட்டு இல்லாத கலங்களை, குறிப்பாக முஸ்லிம் வணிகரின் கலங்களை, சிறைபிடித்தனர். மலாக்கா வணிகத்தையே பெரிதும் நம்பியிருந்த பழவேற்காட்டு மரைக்காயர்களுக்கு இது நேரடியான அடி. ஆனாலும் அடுத்த சில ஆண்டுகளுக்குள் போர்த்துக்கீசியர் அதே பழவேற்காட்டில் வீடு கட்டிக் குடியிருந்தனர். 1520-களில் சோழமண்டலக் கரைக்கான போர்த்துக்கீசியத் தலைவரின் இருப்பிடமும் அதுவாகவே இருந்தது. கடலில் பகைவராக நடந்துகொண்டவர்கள் கரையில் அண்டைவீட்டாராக வாழ முடிந்ததற்கு அவர்களது மனமாற்றம் காரணமன்று. கரையில் அவர்களிடம் கோட்டை இல்லை, படை இல்லை. ஆழமற்ற இந்த ஏரிக்குள் பெருங்கப்பல் நுழைய முடியாததால், கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கும் ஆளும் உள்ளூர்ப் படகுகளில்தான் போய்வர வேண்டியிருந்தது. துணியை நெய்தவரும் சாயமிட்டவரும் தரகு பேசியவரும் உள்ளூரார். இந்நிலையில், தம் நெஞ்சில் என்ன வெறுப்பு இருந்தாலும் அதைச் செயலாக்கும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லாதவரை, ஊர் அவர்களை ஏற்றுக்கொண்டது.

அந்த வாய்ப்பை அவர்கள் எடுத்துக்கொண்டபோது என்ன நடந்தது என்பதைப் பழவேற்காட்டுக்குத் தெற்கே மயிலாப்பூர்க் கடற்கரையில், சாந்தோம் குடியிருப்பில், 1558-இல் நிகழ்ந்த ஒரு செயல் காட்டுகிறது. சதாசிவராயரின் பெயரால் விஜயநகரத்தை ஆண்டுவந்த அளிய ராமராயரிடம், சாந்தோமின் போர்த்துக்கீசியர் கோயில்களை இடிக்கிறார்கள் என்ற முறையீடு சென்றது. அவர் படையோடு நேரில் வந்தார். குடியிருப்பு எதிர்க்காமல் பணிந்தது. ஒரு இலட்சம் பொற்காசு திறையாக விதிக்கப்பட்டு, பாதி உடனேயும் பாதி பின்னரும் தரவேண்டும் என்று முடிவாகி, அதற்குப் பிணையாக முதன்மையான சிலர் அழைத்துச் செல்லப்பட்டனர். புனித தோமையாரின் ஆலயத்திலிருந்து எடுக்கப்பட்ட திருப்பொருள்கள் பிறகு திருப்பித் தரப்பட்டன. தேவாலயம் இடிக்கப்படவில்லை, கிறித்தவ வழிபாடு தடை செய்யப்படவில்லை, போர்த்துக்கீசியர் நாட்டைவிட்டுத் துரத்தப்படவுமில்லை.

ராமராயரை இதற்காக அறத்தின் உருவமாக்க வேண்டியதில்லை. சாந்தோமின் செல்வம் அவரை ஈர்த்தது என்று போர்த்துக்கீசிய எழுத்தாளர்களே கூறுவர். கோவாவோடு 1547-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி குதிரைப்படைக்கு வேண்டிய குதிரைகள் கடல்வழியே வந்துகொண்டிருந்ததால், அந்த உறவை முற்றாக முறித்துக்கொள்ள அவருக்கு விருப்பமும் இருந்திருக்காது. எனினும் விளைவை நோக்கினால், தண்டனை விழுந்தது செயலின் மீதே தவிர நம்பிக்கையின் மீது அன்று. கோயில்கள் பொய் என்று சொல்லும் உரிமை சாந்தோமில் இருந்த துறவிகளுக்கு முன்பும் இருந்தது, பின்பும் இருந்தது. கோயிலை இடிக்கும் உரிமை மட்டும் இல்லை என்று அவர்களுக்கு உணர்த்தப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில், 1560-இல், கோவாவில் சமய விசாரணை மன்றம், அதாவது திருச்சபையின் கோட்பாட்டிலிருந்து வழுவியவர்களைக் கண்டறிந்து தண்டிக்கும் நீதிமன்றம், நிறுவப்பட்டது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கவேண்டும். ஒரே கடவுளை வணங்கிய ஒரே நாட்டார், கோவாவில் தாமே அரசராக இருந்ததால் ஒருவிதமாகவும், சோழமண்டலத்தில் வேறொருவரின் அரசில் இருந்ததால் வேறுவிதமாகவும் நடந்துகொண்டனர்.

சகிப்பற்றவர்களைச் சகிப்பது பற்றிய கோட்பாடு ஐரோப்பாவில் இதற்குப் பின்னரே தெளிவாக எழுதப்பட்டது. ஜான் லாக் என்னும் ஆங்கில மெய்யியலாளர் ஒல்லாந்தில் புகலிடம் பெற்றிருந்தபோது எழுதி 1689-இல் வெளியான, சகிப்புத்தன்மை பற்றிய கடிதத்தில், பிறருக்குச் சகிப்பு இல்லை என்று போதிப்போர் தமக்கு அதைக் கோரும் உரிமையை இழக்கின்றனர் என்ற கருத்து இடம்பெற்றது. ஆயினும் அவரே நாத்திகர்களுக்கு அந்த உரிமையை மறுத்தார். 1945-இல் கார்ல் பாப்பர் தம் ‘திறந்த சமூகமும் அதன் பகைவர்களும்’ என்ற நூலின் அடிக்குறிப்பு ஒன்றில் இதனை முரண்பாடாக வகுத்தார்: எல்லையற்ற சகிப்பு, சகிப்பையே அழிப்பவர்களுக்கு வழிவிட்டுத் தானும் அழியும். அவரது கூற்றில் பலர் விட்டுவிடும் மறுபாதி ஒன்று உண்டு. சகிப்பற்ற கருத்தை வாதத்தாலும் பொதுமக்கள் கருத்தாலும் கட்டுக்குள் வைக்க முடியும்வரை அதை அடக்குவது அறிவுடைமையாகாது என்றும், அக்கருத்தினர் வாதத்தை விட்டுக் கைமுட்டியையும் துப்பாக்கியையும் எடுக்கும்போதுதான் தடுக்கும் உரிமை எழுகிறது என்றும் அவர் எழுதினார். இக்கோட்பாடு எழுதப்படுவதற்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, கோட்பாடு எதுவும் இன்றி, மயிலாப்பூர் மணலில் அது நடைமுறையாயிற்று.

பாப்பரின் அடிக்குறிப்பு பேசாத ஒன்றைப் பழவேற்காடு பேசுகிறது. வரம்பை வகுப்பதற்கு அறிவு போதும். வரம்பைக் காப்பதற்கு வலிமை வேண்டும். 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போரில் ராமராயர் கொல்லப்பட்டு விஜயநகரம் சிதைந்தபின், அரவீட்டு மரபினர் முதலில் பெனுகொண்டாவிலிருந்தும் பின்னர் சந்திரகிரி, வேலூர் ஆகிய இடங்களிலிருந்தும் ஆண்டனர். அவர்களுள் கடைசிப் பெருமன்னரான இரண்டாம் வேங்கடபதி, திருவேங்கடவனை வழிபட்ட உறுதியான வைணவர். அவரே 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இயேசு சபைத் துறவிகளைச் சந்திரகிரிக்கு வரவேற்று, அவர்கள் தம் சமயத்தைப் பேசவும் மன்னரின் அவைப் பிராமணர்களோடு வாதிடவும் இடமளித்தார். அதே மன்னர் 1610-இல், போர்த்துக்கீசியரின் பகைவரும் கத்தோலிக்கத்தை வெறுத்த சீர்திருத்தத் திருச்சபையினருமான ஒல்லாந்தருக்குப் பழவேற்காட்டில் வணிகம் செய்யக் கவுல் வழங்கினார். கவுல் என்பது வணிகருக்கு அரசு எழுத்தில் தரும் பாதுகாப்பு உறுதி. 1612-இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துக்கீசியர் ஒல்லாந்தரின் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். இரு வேற்று நாட்டார் தம் பகையை மூன்றாமவரின் ஊரில் கொண்டுவந்து தீர்த்துக்கொண்ட அந்த நிகழ்ச்சியே பழவேற்காட்டின் திருப்புமுனை.

ராமராயர் செய்ததுபோல் தாக்கியவரைத் தண்டிக்கும் நிலையில் வேங்கடபதி இல்லை. முதுமையும் வாரிசுச் சிக்கலும் அவரைச் சூழ்ந்திருந்தன. ஆகவே தாக்கப்பட்டவர் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இசைவு கிடைத்தது. 1613-இல் எழுந்த கோட்டைக்கு, அங்கே ஒல்லாந்தருக்குத் தலைமை தாங்கிய வெம்மர் வான் பெர்க்கெமின் சொந்த மாநிலமான கெல்டர்லாந்தை நினைந்து கெல்டிரியா என்று பெயரிடப்பட்டது. மறு ஆண்டு வேங்கடபதி இறந்தார்; அரியணைக்காக எழுந்த உள்நாட்டுப் போர் நாட்டைக் கிழித்தது. காப்பவன் இல்லாத நாட்டில் பீரங்கி வைத்திருந்தவரே விதி வகுப்பவராயினர். பழவேற்காட்டில் வெடிமருந்து செய்யப்பட்டு ஒல்லாந்தரின் ஆசியப் போர்களுக்கு அனுப்பப்பட்டது. அதைவிடக் கொடியது அடிமை வணிகம்: 1619-இல் நிறுவப்பட்ட பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, உழைப்பாளிகள் தேவைப்பட்டபோது, போராலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்த சோழமண்டலக் குடும்பங்களிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டும் பிடிக்கப்பட்டும் வந்த பல்லாயிரம் பேர் இக்கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டனர். கவுல் கொடுத்தவர்கள் வணிகருக்கு இடம் தந்தார்கள்; கோட்டை அதே வணிகரை ஊரின் மேல் அதிகாரம் உடையவராக்கிற்று. பழவேற்காட்டின் விருந்தோம்பலைப் புகழ்வோர் 1613-க்கு முன்னும் பின்னும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துவது தவறு. முன்னது ஆற்றல் உடையோரின் பொறை. பின்னதில் பெரும்பகுதி வேறு வழியற்றோரின் மௌனம்.

இந்தக் கோட்டையின் நிழலில்தான், சகிப்பின் வரலாற்றில் தனி இடம் பெறத்தக்க ஓர் உரையாடலும் நிகழ்ந்தது. 1630-களில் ஏறத்தாழ பத்தாண்டுகள் பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் போதகராக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், சீர்திருத்தத் திருச்சபையின் ஊழியர். இந்நாட்டாரின் சமயத்தை இருள் என்றே நம்பியவர். பத்மநாபன் என்னும் பிராமணர் அவருக்கு ஆசிரியராக வாய்த்தார். இருவரும் போர்த்துக்கீசிய மொழியில் பேசினர். போர்த்துக்கீசியர் இக்கரையில் விட்டுச்சென்ற மொழி, அவர்களின் பகைவரையும் உள்ளூராரையும் இணைக்கப் பயன்பட்டது. நாள்வழிபாடு, திருமணம், இறப்புச் சடங்கு, சாதிப் பிரிவுகள், திருவிழாக்கள், வேதங்கள், தெய்வங்களின் கதைகள் என ரோஜேரியஸ் கேட்டவற்றுக்கெல்லாம் பத்மநாபன் விளக்கம் சொன்னார். வைணவர், சைவர், சுமார்த்தர் ஆகியோரை மட்டுமன்றி, வேதத்தை மறுத்த சார்வாகரையும் பாஷண்டரையும், அதாவது நெறி தவறியவர் என ஒதுக்கப்பட்டவரையும், அவர் பட்டியலிட்டுத் தந்ததை ரோஜேரியஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.

ரோஜேரியஸ் 1649-இல் இறந்தபின், 1651-இல் லெய்டன் நகரில் அந்நூல் வெளியாயிற்று. மறைந்து கிடந்த புறச்சமயத்துக்குத் திறந்த கதவு என்ற பொருளுடைய நீண்ட தலைப்பு கொண்ட அந்நூலின் முதற்பகுதி பிராமணரின் வாழ்க்கையையும் வழக்கங்களையும், இரண்டாம் பகுதி அவர்களின் நம்பிக்கையையும் வழிபாட்டையும் விவரிக்கிறது. வடமொழிப் புலவர் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களும் பத்மநாபனின் விளக்கத்தின்வழி அதில் இடம்பெற்றன; வடமொழி இலக்கியம் ஐரோப்பிய மொழியில் அச்சேறியது அதுவே முதன்முறை. காதலைப் பாடும் சிருங்காரப் பகுதியை மட்டும் பத்மநாபன் பெயர்த்துத் தரவில்லை. பின்னர் ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் அந்நூல் வெளிவந்து, இந்தியச் சமயங்களைப் பற்றி ஐரோப்பா நெடுங்காலம் நம்பிப் படித்த நூலாயிற்று.

பத்மநாபன் ஏன் சொல்லித் தந்தார்? தாம் சொல்வதைப் பொய் என்று கருதும் ஒருவர், அதை மறுப்பதற்கும் பயன்படுத்தக்கூடும் என்பதை அவர் அறியாதவராக இருந்திருக்க முடியாது. ஒல்லாந்தரின் ஊரில் அவர்களது ஆதரவை நாடி வாழ்ந்தவர் என்பதால் அவரது நிலை முற்றிலும் சுதந்திரமானதன்று. அதை மறைத்து இவ்வுரையாடலை இரு சமமானவர்களின் நட்பாகத் தீட்டுவது உண்மைக்கு மாறானது. ஆனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்ற முடிவை அவர் தம் கையிலேயே வைத்திருந்தார் என்பதற்குச் சிருங்காரப் பகுதியே சான்று. மறுபுறம், ரோஜேரியஸ் தம் நம்பிக்கையை ஒருபோதும் கைவிடவில்லை. எனினும் எதிராளியின் நம்பிக்கையைத் திரிக்காமல் கேட்டு எழுதும் நேர்மை அவரிடம் இருந்தது. சகிப்பற்ற கொள்கை உடையவரும் பழகும் முறையில் சகிப்போடு நடக்க இயலும் என்பதற்கும், அத்தகையவரை வெறுப்பால் விலக்காமல் விளக்கத்தால் எதிர்கொள்வது பயன்தரும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான சான்று இக்கரையில் அரிது.

இதே ஒல்லாந்தர், முழு அதிகாரம் கிடைத்த இடங்களில் எவ்வாறு நடந்தனர் என்பதை இலங்கை காட்டுகிறது. 1658-இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியதும், கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று ‘பிளக்காட்’ எனப்படும் அரசாணை பிறப்பித்தனர். அதற்கு முன், 1626-இல் போர்த்துக்கீசியரால் கரையோரத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டி மன்னர் செனரத் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றியிருந்தார். இப்போது, முன்பு துரத்தியவர்களின் சமயத்தவரே துரத்தப்பட்டவர்களாகக் கண்டிக்கு ஓடிவந்தபோது, பௌத்த மன்னர்கள் அவர்களுக்கும் இடம் கொடுத்தனர். 1687-இல் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவாக் குரு யோசேப் வாஸ், பின்னர் கண்டியில் முதலில் ஒற்றர் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டாலும், பிறகு அங்கே தடையின்றிப் பணியாற்றி 1711-இல் இறந்தார். மீண்டும் சோழமண்டலக் கரைக்கு வந்தால், தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த லுத்தரன் போதகர் சீகன்பால்க், கோயில் ஒன்றில் இருந்த மண்ணுருவங்கள் சிலவற்றைத் தள்ளியும் தலையை உடைத்தும் சேதப்படுத்தியதைத் தாமே எழுதியுள்ளார்; அங்கு வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், இவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் காவலர்கள் என்று விளக்கிப் பேசினார். அதே சீகன்பால்க் பின்னாளில் தமிழ் நூல்களைத் தேடிச் சேர்த்து, தமிழர்களிடம் வினாக்களை அனுப்பி, அவர்கள் எழுதிய விடைக்கடிதங்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அச்சுக்கு அனுப்பினார். கிறித்தவர்களின் நடத்தை பற்றிய கடுமையான கண்டனங்களும் அக்கடிதங்களில் இருந்தன.

பழவேற்காட்டின் கோட்டையும் என்றென்றும் நிலைக்கவில்லை. ஒல்லாந்தர் தம் சோழமண்டலத் தலைமையகத்தை 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். கோட்டை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. 1825-இல் ஊர் அவர்கள் வசமாயிற்று. வேற்றவர்களின் பகை ஓய்ந்தபின் எஞ்சியது உள்ளூரின் சொந்த விலக்குகள். அவற்றையும் இந்த வரலாற்றின் பகுதியாகவே எழுதவேண்டும்.

ஏரியின் மீன்பிடி உரிமையை ஒழுங்குசெய்ய இங்கே ‘பாடு’ என்னும் முறை வழங்கிவருகிறது. முகத்துவாரத்தை ஒட்டிய வளமான மீன்பிடி இடங்கள் பாடுகளாகப் பகுக்கப்பட்டு, ஊர்களுக்கு இடையே நாள் முறையும், ஊருக்குள் குடும்பங்களுக்கு இடையே சீட்டுக் குலுக்கலும் வைத்துப் பங்கிடப்படுகின்றன. உரிமை பெறும் குடும்பத் தலைவரைத் தலைக்கட்டு என்பர். நல்ல இடம் எவருக்கும் நிலையாகக் கிட்டாதபடியும், வலையும் வலையும் மோதிக்கொள்ளாதபடியும் செய்யும் இந்த ஏற்பாடு, அரசின் சட்டம் எதுவும் எட்டிப்பார்க்காத காலத்திலேயே மீனவர்கள் தாமே வகுத்துக்கொண்ட அரிய நீதி. ஆனால் அந்த நீதிக்கு வேலி உண்டு. மீனவரான பட்டினவர் சமூகத்தின் ஆண்களுக்கே பாட்டில் பங்கு, பெண்களுக்கு இல்லை, தலித் மக்களுக்கும் பழங்குடிகளான இருளர்களுக்கும் இல்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறாலைப் பிடித்து, வாயில் கவ்விய பறியில், அதாவது ஓலையால் பின்னிய கூடையில், சேர்க்கின்றனர். வலைக்காரரின் பாடு எங்கே முடிகிறதோ அங்கேதான் இவர்களின் நீர் தொடங்குகிறது.

இந்த விலக்கைப் பொறுத்துக்கொண்டு இருப்பவர்கள் யார் என்று கேட்டால், வலிமை உடையோர் அல்லர் என்பதே விடை. 1613-க்குப் பின் கோட்டையைப் பொறுத்துக்கொண்ட ஊரின் நிலையில், ஏரியின் நடுவே இருளர்கள் நிற்கின்றனர். இதைச் சொல்வது பாடு முறையை ஒழிக்கவேண்டும் என்பதற்காக அன்று. வெளியூர் முதலாளிகளிடமிருந்தும் வரைமுறையற்ற மீன்பிடிப்பிலிருந்தும் ஏரியை ஓரளவேனும் காத்து வந்தது அம்முறையே. ஆனால் போர்த்துக்கீசியருக்கும் ஒல்லாந்தருக்கும் கரையில் இடம் கொடுத்த ஊர்கள், தம்மோடு அதே நீரில் நிற்பவர்களுக்கு அந்தச் சீட்டுக் குலுக்கலில் ஓர் இடம் கொடுப்பதற்கு மன்னரின் ஆணையோ நீதிமன்றத் தீர்ப்போ தேவையில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலும் அதன் அண்டைக் குப்பங்களிலும் கூடும் ஊர்ப் பஞ்சாயத்துகளே அதைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.